ஏழாம் பாகம் படிக்காத மாப்பிள்ளை

என் மச்சினன் செந்தில்முருகனோடு ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டுக் காது வலிக்காமல் திரும்புகிறவன் எவனாவது இருந்தால் வரச் சொல்லுங்கள். அவனுக்கு ஒரு தார் நாட்டுப்பழம் இலவசமாகத் தருகிறேன். வள்ளியூர் மார்க்கெட்டில் கார்த்திகேசன் வாழைக்காய்க் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். இதுவரை ஒருத்தரும் வந்து வாங்கவில்லை.

ஆள் என்னவோ தங்கம்தான். வயது முப்பத்தாறு. குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, ஊர்வம்பு கிடையாது. ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் பழுது பார்க்கிற வேலை. ஆனி ஆடியில் காற்று அடிக்கிறபோது மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் இறக்கை சும்மா நிற்கும், இவனும் அதன் அடியில் உள்ள அறையில் சும்மா இருப்பான். அந்த நேரத்தில் படிப்பான், பார்ப்பான். படித்ததையும் பார்த்ததையும் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பான். கேடு அங்கேதான் ஆரம்பம்.

எல்லாம் மாயாஜாலக் கதை. அப்படிச் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஃபேன்டசி என்று சொல்ல வேண்டுமாம். நாவலாக வரும், காமிக்ஸாக வரும், டிவி தொடராக வரும், எதுவாக வந்தாலும் இவனுக்கு ஆகாது. ஆகாததை ஏன்டா பார்க்கிறாய் என்றால், பார்த்தால்தானே ஆகாது என்று தெரியும் என்பான். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன கேட்பது?

நாவலைத் திறந்ததும் முதல் பக்கத்தில் வரைபடம் இருந்தால் அவனுக்குப் பொறுக்காது. கதை சொல்லத் தெரியாதவன்தான் மலையும் ஆறும் வரைந்து ஒப்பேற்றுகிறான் என்பான். வரைபடம் இல்லாவிட்டால், எவன் எங்கே போகிறான் என்று வாசகனுக்கு எப்படித் தெரியும் என்று அதற்கும் ஒரு பாட்டு. தமிழிலேயே எழுதுகிறவர்கள் மேல் இன்னும் வயிற்றெரிச்சல். எடுத்த எடுப்பில் ஒரு ராஜகுமாரன், ஒரு குகை, ஒரு சுவடி, காவலுக்கு ஒரு நாகம். பொதிகை மலையில் கதை நடக்கும், ஆனால் எழுதினவன் பாபநாசம் தாண்டி ஒரு வளைவு ஏறினதில்லை. வீரன் மழைக்காலத்தில் காட்டுக்குள் நாள் முழுக்க நடக்கிறான், அவன் காலில் ஒரு அட்டை கடிக்கவில்லை. இதை அவன் என்னிடம் சொன்னது, நான் தார் விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில். வியாபாரி ஒரு விலை சொல்ல, இவன் அட்டைப்பூச்சி சொல்ல, எனக்குத் தலை சுற்றிவிட்டது.

காமிக்ஸ் என்றால் தாள் வழவழப்பு, அட்டை கெட்டி, எழுத்து மட்டும் எறும்பு சைஸ். போன புத்தகத்தில் செத்தவன் இந்தப் புத்தகத்தில் தலை வாரிக்கொண்டு வந்து நிற்கிறான், அவனுக்காக நான் அழுததை யார் திருப்பித் தருவது என்று கேட்பான். டிவி தொடரோ, ஒரு வருஷம் எட்டு பாகம் காட்டிவிட்டு இரண்டு வருஷம் ஆளைக் காணோம். சண்டைக்காட்சி முழுக்க ஒரே இருட்டு. யுத்தம் நடக்கிறதா, கரண்டு போய்விட்டதா தெரியவில்லை. டப்பிங்கில் மகாராணி வாயைத் திறந்தால் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி பேசுகிறாள். இதையெல்லாம் பேசிப் பேசி ஒலிப்பதிவாக, உலகத்தில் அவனைப் போலவே இருக்கிற பத்துப் பேருக்கு அனுப்புவான். அனுப்புவதற்கு முன் எனக்குப் போட்டுக் காட்டுவான். நான் என்ன பாவம் செய்தேனோ.

இதில் அவனுக்கு ரொம்பவும் ஆகாதது ஒன்று உண்டு. ஆரூடம். பிள்ளை பிறந்த உடனே ஒரு கிழவன் வந்து, இது இன்னாரைக் கொல்லும், இன்னதை ஆளும் என்று சொல்லிவிட்டுப் போவான்; கதை முழுக்க அப்படியே நடக்கும். முதல் பக்கத்தில் சொன்னது கடைசிப் பக்கத்தில் நடப்பதற்கு நடுவில் இத்தனை தாள் எதற்கு என்பான். வீட்டில் ஜாதகக் கட்டை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். நல்ல நேரம் பார்த்து வெளியே போகிறான் என்று என் பெண்டாட்டி பொன்செல்வி கேலி செய்வாள். அவனுடைய கூடப்பிறந்த அக்காள் அவள், அவளுக்கு உரிமை உண்டு.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பார்க்கிற பொறுப்பு என் தலையில். மாமனார் இவன் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரை மோட்டார் கரண்டு அடித்துவிட்டது. மாமியார் வெளியே தெருவுக்கே போகாதவர். ஆக அந்த வீட்டில் நாலு பேருக்கு முன்னால் போய் உட்கார ஒரு ஆம்பிளை என்றால் அது நான்தான்.

நாகர்கோவிலில் ஒரு இடம். லட்சணமான பெண், நல்ல குடும்பம். அந்தப் பிள்ளை வெட்கத்தோடு, தானும் டிராகன் தொடர் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். கடைசி சீசன் எப்படி என்று இவன் கேட்டான். நன்றாக இருந்தது என்றாள். இவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். சாத்தான்குளத்தில் ஒரு இடம். பெண்ணின் அண்ணன் ஏதோ பேச்சுக்கு, பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான். இவன் பேசி முடித்தபோது பெண் உள்ளே போய்த் தூங்கியே விட்டதாகப் பிறகு தரகர் சுடலைமணி சொன்னார்.

அந்தச் சுடலைமணிதான் போன வைகாசியில் ஒரு இடம் கொண்டு வந்தார். பெண் பெயர் நித்யா, முப்பத்திரண்டு வயது. விக்கிரமசிங்கபுரத்தில் வீடு. அம்பாசமுத்திரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. அப்பா வன்னியராஜ் மாஞ்சோலை பஸ் ஓட்டினவர், மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த சனமெல்லாம் வேலை போய்க் கீழே இறங்கின வருஷம் அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். எல்லாம் சரி, இத்தனை நாள் ஏன் முடியவில்லை என்று கேட்டேன். தரகர் பைய என் காதுக்கு வந்தார். பெண்ணுக்கு மூல நட்சத்திரம்.

ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் அந்தப் பிள்ளை கழுத்தில் கட்டின கல். மூலத்தில் பிறந்தவள் மருமகளாகப் போனால் மாமனாருக்கு ஆகாதாம். வந்த இடமெல்லாம் அப்பன்மார் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். நம் வீட்டில் அந்தப் பயம் இல்லையே என்று தரகர் சிரித்தார். மாமியார் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. "உங்க மாமா இருந்திருந்தா இந்தப் புள்ளைய வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாரு. செத்தும் நமக்கு ஒரு நல்லது செஞ்சிருக்காரு மனுசன்," என்றார். பொன்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செந்தில்முருகன் வழக்கம்போல வெளியே போயிருந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

தரகரையும் ஏற்றிக்கொண்டு களக்காடு வழியாகக் காரில் போகும்போது செந்தில்முருகனிடம் சத்தியம் வாங்கினேன். டிராகன் கூடாது, மந்திரவாதி கூடாது, சீசன் கூடாது. கேட்டதற்கு ஆமா, இல்லை, சரி. அவ்வளவுதான் வாயில் வரவேண்டும். ஆமா என்றான். சரி என்றான். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் நம்பிக்கை போயிற்று. டிவிக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி. அது நிறைய இவன் திட்டுகிற புத்தகங்கள். அவனிடம் இருக்கிற அதே அட்டை, அதே தடிமன். நடுவில் 'கடைசி மணிக்கூண்டு' என்ற பெயரில் ஏழு பாகமும் வரிசையாக நின்றது. அந்தப் பெயரை நான் தூக்கத்தில் கேட்டாலும் திடுக்கிட்டு எழுந்துவிடுவேன், அத்தனை தடவை அவன் வாயால் கேட்டிருக்கிறேன். அவன் பார்வை அங்கேயே நின்றது. நான் அவன் தொடையில் கிள்ளினேன். வன்னியராஜ் நல்ல மனுஷர், மழையைப் பற்றியும் அணைத் தண்ணீரைப் பற்றியும் பேசினார். இவன் ஆமா, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேசரி வந்தது, மிக்சர் வந்தது. நித்யா காபி கொண்டு வந்தாள். ஒடிசலான பெண், மூக்குக்கண்ணாடி, நேராகப் பார்க்கிற கண். இவன் எங்கே பார்க்கிறான் என்று பார்த்தாள்.

படிச்சிருக்கீங்களா என்று கேட்டாள். செந்தில்முருகன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்யட்டும்? ஆமா என்றான். எப்படி இருந்தது என்று கேட்டாள்.

போச்சு. முருகா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தக் கதை இதுதான். கிரகணத்தில் பிறந்த ஒரு பெண். அவள் எந்த அரண்மனைக்குள் கால் வைத்தாலும் அந்த அரசன் சாவான் என்று ஆரூடம். ஆறு பாகம் முழுக்க அவளை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள். இவன் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். மொழிபெயர்ப்பு பரவாயில்லை என்றான். மூன்றாம் பாகத்தில் கப்பல் பயணம் இழுவை என்றான். நித்யா இல்லை என்றாள், அந்தக் கப்பல்தான் தனக்குப் பிடித்த இடம் என்றாள். கப்பலில் கால் வைத்தால் யாரும் சாக மாட்டார்கள் இல்லையா என்றாள். இவன் டிவி தொடருக்குத் தாவினான். அதில் கடைசியை மாற்றிவிட்டார்களாம். அப்பன் செத்துப்போன ஒரு இளவரசனாகப் பார்த்து அவளைக் கல்யாணம் செய்து கொடுத்துவிடுகிறார்களாம். சாவதற்கு அரசன் இல்லை, அதனால் சாபம் தீர்ந்தது, மேளம் கொட்டியாச்சு, சுபம்.

தரகர் கையில் எடுத்த மிக்சர் கையிலேயே நின்றது. வன்னியராஜ் தரையைப் பார்த்தார். நான் லே லே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன். அவனுக்கு அபிப்பிராயம் வந்துவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது.

"எழுதினவன் மண்டையில என்ன இருக்குன்னு கேக்கேன்," என்றான். "அப்பன் செத்த பயலாத் தேடிப் பிடிச்சுக் கட்டி வச்சா அந்தப் புள்ளைக்கு அது மரியாதையா? ஒத்துக்கிட்டு வந்து ஒக்காந்திருக்கானே அந்தப் பய, அவனுக்காவது வெக்கம் வேண்டாமா?"

"அப்போ நீங்க எதுக்கு வந்திருக்கீய?" என்று நித்யா கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. அவளும் அவன் முகத்தைப் பார்த்து அதைத் தெரிந்துகொண்டாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். "எனக்கு மூலம். உங்களுக்கு அப்பா இல்ல. அதான் பொருத்தம். வேற ஒண்ணும் பாக்கல, எங்க வீட்லயும் பாக்கல, உங்க வீட்லயும் பாக்கல."

அவன் என் பக்கம் திரும்பினான். உங்களுக்குத் தெரியுமா அத்தான் என்று கேட்டான். தெரியும் என்றேன். பொய் சொல்ல அங்கே இடமில்லை. அவன் முகம் செத்துவிட்டது. அந்தப் பேச்சுக்காரன், காற்றாலை உச்சியில் நின்றுகொண்டு கீழே இருக்கிறவனோடு டிராகனைப் பற்றிச் சண்டை போடுகிறவன், மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது வருஷத்துக்கும் மேலாக அவன் சுமந்துகொண்டு திரிகிற சாவு அது. அதை எடுத்துப் பொருத்தம் என்று கட்டத்தில் போட்டுவிட்டோம்.

வன்னியராஜ் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். நித்யா விடவில்லை. கடைசிப் பாகம் படிச்சீங்களா என்று இவனிடம் கேட்டாள். இல்லை, ஆறோடு நிறுத்திவிட்டேன், எரிச்சலாக இருந்தது என்றான். படிக்காமல் எதற்குப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். ஐயா, அந்த ஒரு கேள்விக்காக நான் அவள் காலில் விழுந்திருப்பேன். இத்தனை வருஷம் எங்கள் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லையே.

ஏழாம் பாகத்தில் அந்தப் பெண் ஓடுவதை நிறுத்திவிடுகிறாளாம். ஒவ்வொரு அரண்மனையாகத் தானே நடந்து போய் வாசலில் நிற்கிறாளாம். அரசர்கள் எல்லாம் அலறியடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுகிறார்களாம். "ஒருத்தனும் சாவல," என்றாள் நித்யா. "ஓடத்தான் செஞ்சானுவ. அதுக்காகத்தான் அத மூணு தடவ படிச்சேன்." சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். அவளுடைய அம்மா அடுக்களை வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு அவள் கேட்டாள். "உங்க அப்பா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீய?"

நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். சண்டை போட்டிருப்பேன், ஜாதகத்தைக் கிழித்திருப்பேன் என்று ஏதாவது சொல்லு, லே, இன்றைக்காவது உருப்படியாக ஒரு அபிப்பிராயம் சொல்லு என்று நினைத்தேன்.

"தெரியல," என்றான். "அவரு வேண்டாம்னு சொல்லியிருப்பாரு. எனக்கு அவர எதுத்துப் பேச வயசு வரதுக்கு முன்னாலயே போயிட்டாரு. என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியல."

அந்த வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. நித்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தெரியும் தெரியும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள் என்றாள். எனக்குச் சம்மதம், உங்களுக்கு எப்படி என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். தரகர் வாயைத் திறப்பதற்குள் அவள் அடுக்களைப் பக்கம் திரும்பி, அம்மா, இலையைப் போடு என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், சோற்றில் கை நனைக்கக் கூடாது. ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து வந்துவிட வேண்டும். கை நனைத்துவிட்டால் முடிந்தது. இரண்டு வீடும் ஒன்று என்று அர்த்தம், பிறகு பேச்சு மாறக் கூடாது. அதைப் பெண்ணே சொல்லி நான் பார்த்ததில்லை. வன்னியராஜும் பார்த்திருக்க மாட்டார், எழுந்து நின்றுவிட்டார். கூடத்தில் இலை விழுந்தது. நித்யாவே பரிமாற வந்தாள். எங்கள் தரப்பில் மூத்தவன் நான், முதலில் நான் கை வைத்தால்தான் மற்றவர்கள் வைக்க முடியும்.

உட்காரும்போது தரகர் சுடலைமணி என் தோளில் கை போட்டுக் காதில் சொன்னார். "அண்ணாச்சி, ஒண்ணு யோசிச்சீயளா? மணவறையில அப்பன் ஸ்தானத்துல நீங்கதான் ஒக்காரணும். மூலம் ஒங்க மேலதான் வந்து நிக்கும். எதுக்கும் ஊருக்குப் போயி ஜோசியரக் கேட்டுட்டு..."

இத்தனை நாளும் அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டேன், அதுதான் உண்மை. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டு. கடை திறப்பதே ராகுகாலம் பார்த்துத்தான். பொன்செல்வி ஞாபகம் வந்தது. இரண்டு பிள்ளைகள் ஞாபகம் வந்தது. இலையில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது, என் கை மடியை விட்டு எழவில்லை. இதுவரை வந்த அப்பன்மாரை எல்லாம் மனசுக்குள் பரிகாசம் செய்தவன் நான்.

தரகர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. குழம்புச் சட்டியோடு என் இலைக்கு முன்னால் குனிந்து நின்றாள். செந்தில்முருகனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, பயமா இருக்கா?" என்று அவள் கேட்டாள். கேலி இல்லை அதில். அவள் எத்தனையோ முகத்தில் பார்த்ததை என் முகத்திலும் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"பயமாத்தாம்மா இருக்கு," என்றேன். "நீ குழம்ப ஊத்து."

ஊற்றினாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தேன்.